விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளுக்கு: மார்ச் முதல் ஆகஸ்ட் வரை செய்ய வேண்டியவை

ஆறாம் வகுப்பில் பாளையங்கோட்டைக்கோ நாசரேத்துக்கோ பெட்டியோடு வந்த பிள்ளைக்கு ஏழு வருஷமாக மணி அடித்தால் எல்லாம் நடந்தது. படிவத்தை ஆசிரியை நிரப்பினார், கடைசித் தேதியை வார்டன் ஞாபகம் வைத்தார். கடைசிப் பரீட்சை முடிந்து ஊருக்குப் பஸ் ஏறியதோடு அது நின்றுவிடும். அந்தக் கோடையில்தான் நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலர் படிப்பை விடுகிறார்கள். நல்ல மார்க் எடுத்தவர்களும் அதில் உண்டு. ஒரு சான்றிதழ் கையில் இல்லை, ஓடிபி வேறு யார் போனுக்கோ போனது, கடைசித் தேதி போன பிறகுதான் தெரிந்தது என்று காரணங்கள் சின்னதாகவே இருக்கும். அதனால் காகிதங்களும் போன் நம்பரும் பிள்ளையின் கைக்கு வருவதுதான் முதல் வேலை.

விடுதியைக் காலி செய்யும் முன்

மெஸ் பாக்கியை முடித்து ரசீது வாங்குங்கள். முன்பணம் கட்டியிருந்தால் கேட்டுப் பெறுங்கள். பாக்கி இருந்தால் மே மாதம் டி.சி. வாங்கப் போகும்போது அலைச்சல் ஆகும். எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் அடையாள எண்) நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், கல்லூரியில் கேட்பார்கள்.

அடுத்து பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக், சாதிச் சான்றிதழ் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் 'மா. முத்துச்செல்வி', இன்னொன்றில் 'முத்துச்செல்வி மாரியப்பன்', மூன்றாவதில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதல் என்று இருந்தால் உதவித்தொகை அங்கேயே மாட்டிக்கொள்ளும். எதைத் திருத்துவது என்று குழம்ப வேண்டாம்: மார்க் ஷீட்டில் இருப்பது சரியென்றால் ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்த தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும், நாளாகும். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறையும் பிறந்த தேதியை 1 முறையும்தான் மாற்ற முடியும், எனவே எழுத்துப் பிழை இல்லாமல் கொடுங்கள். 15 வயதுக்கான கைரேகை, கண் பதிவு புதுப்பித்தாயிற்றா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். விடுதிப் பிள்ளைகளில் பலருக்கு இது விட்டுப்போயிருக்கும்.

எல்லாரும் மறக்கும் ஒன்று தமிழ்வழிச் சான்று. தமிழக அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. டிஎன்பிஎஸ்சி இதை ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை விடுதிப் பள்ளி தரும். ஒன்று முதல் ஐந்து வரை ஊர் ஆரம்பப் பள்ளியில்தான் வாங்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து குரூப் தேர்வு எழுதி ஜெயித்த பிறகு தேடினால், அந்தப் பள்ளியை மூடியிருக்கலாம், பதிவேடு எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போகலாம். இந்தக் கோடையிலேயே இரண்டையும் வாங்கி வையுங்கள். இ-சேவை வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

போன் நம்பர், பேங்க்

18 வயது ஆகாதவர் பெயரில் சிம் கிடைக்காது. அம்மா பெயரிலோ அப்பா பெயரிலோ ஒரு சிம் வாங்கி, அது எப்போதும் வீட்டில் பிள்ளையின் கைக்கெட்டும் போனில் இருக்கட்டும். மும்பையில் இருக்கும் அண்ணன் நம்பர், சவூதியில் இருக்கும் மாமா நம்பர், கம்ப்யூட்டர் சென்டர்காரர் நம்பர் எதையும் விண்ணப்பத்தில் போடாதீர்கள். ஒதுக்கீடு வந்த செய்தியும் ஓடிபியும் அந்த நம்பருக்குத்தான் போகும். கலந்தாய்வில் இடத்தை உறுதிசெய்ய சில நாள்தான் தருவார்கள். ஈ-மெயிலுக்கும் இதே நம்பரைக் கொடுத்து, பாஸ்வேர்டை நோட்டில் எழுதுங்கள்.

அரசுப் பணம் ஆதார் எண் வழியாக வருகிறது. இரண்டு மூன்று கணக்கு இருந்தால், எந்த பேங்கில் கடைசியாக ஆதாரை இணைத்தீர்களோ அதில்தான் விழும். பள்ளியில் படிக்கும்போது பாளையங்கோட்டையில் திறந்த கணக்கிலேயே பணம் விழுந்துகொண்டிருக்க, ஊர் பேங்கில் போய் 'வரவில்லை' என்று கேட்பது அடிக்கடி நடக்கிறது. எது இணைந்திருக்கிறது என்று பேங்கில் கேட்டுவிட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் இ-சேவை மையம்

ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளுக்கு ஏப்ரலிலேயே விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இ-சேவைக் கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போவதால், மே மாதக் கூட்டத்தில் தாமதமாகும். சாதிச் சான்றிதழ் பழைய கையெழுத்து அட்டையாக இருந்தால் இணையச் சான்று எடுத்துவிடுங்கள். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால், சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகளின் பழைய காகிதங்களில் திருநெல்வேலி என்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். முதல் பட்டதாரி சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பு சேருபவருக்கு. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பட்டம் முடித்திருந்தால் கிடைக்காது.

எங்கே சேர்வது

அரசு கலைக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணைய விண்ணப்பம். ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி இதில் வரும். சாராள் தக்கர் போன்ற உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கே ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: நீங்கள் கேட்கும் பாடப்பிரிவு எய்டட்-ஆ (அரசு உதவி பெறுவது), செல்ஃப் பைனான்ஸா (கல்லூரி சொந்தச் செலவில் நடத்துவது)? ஒரே கல்லூரி, ஒரே பாடம், ஆனால் கட்டணம் பல மடங்கு வேறுபடும். வீட்டார் பேர்பெற்ற கல்லூரி என்று சேர்த்துவிட்டு இரண்டாம் வருஷம் கட்ட முடியாமல் நிறுத்துவது இதனால்தான்.

மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். நம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பெரும்பாலும் அரசு உதவிபெறுபவை, அரசுப் பள்ளி அல்ல. படிவத்தில் தவறாக 'அரசுப் பள்ளி' என்று போட்டால் சரிபார்ப்பில் சிக்கல் வரும். ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2024 டிசம்பரிலிருந்து உதவிபெறும் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பாலிடெக்னிக்கில், அறிவியல் அல்லது தொழிற்கல்விப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். நர்சிங் என்று போர்டு மாட்டிய இடங்களில் கவனம் வேண்டும். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இல்லாத படிப்பு முடித்தால் ஸ்டாஃப் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு பாடம் போய்விட்டால் துணைத்தேர்வு இருக்கிறது. ரிசல்ட் வந்த சில நாளிலேயே விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். எழுதித் தேறினால் அதே வருஷம் சேரலாம்.

கல்லூரியில் டி.சி.யை ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்கேன் செய்து உங்கள் ஈ-மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். மார்க் ஷீட் ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. வைத்துக்கொள்வோம் என்றால் எழுத்தில் ரசீது கேளுங்கள்.

தங்க அரசு நல விடுதிகளைக் கேளுங்கள். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குக் கிடையாது. ஊரிலிருந்து போய் வருபவர்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆனால் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும்தான். வள்ளியூரிலிருந்தோ தென்காசியிலிருந்தோ வரும் புறநகர் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் மூன்று மாதம்

வீட்டுக்கு வந்ததும் பீடித் தட்டு மடிக்கு வந்துவிடும். அம்மாவுக்கு ஒத்தாசை செய்வது தவறில்லை. ஆனால் வாரக் கூலி பழகிவிட்டால், ஜூலையில் வீட்டார் அதை விட மனசில்லாமல் இருப்பார்கள். ஜூனிலேயே சேர்க்கை உறுதியாகிவிட்டால் இந்தப் பேச்சு எழாது. மே மாதம் மில் வேலைக்கு ஆள் எடுக்க ஏஜென்ட் வந்து, மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாகப் பணம் என்றால், போகாதீர்கள். சம்பளம் மாதாமாதம் கையில் வர வேண்டும். கடைசியில் தருகிறோம் என்பது நடுவில் நின்றால் ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம்.

கல்யாணப் பேச்சு எடுத்தால், 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பது சட்டப்படி குற்றம் என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இலவச அழைப்பு, பக்கத்து வீட்டுப் போனிலிருந்தும் பேசலாம். பேச முடியாத நிலையில் இருந்தால் பள்ளியின் பழைய வார்டனிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். அவர்கள் நம்பரை விடுதியை விட்டு வரும்போதே வாங்கி வையுங்கள்.

18 முடிந்த வாரத்தில் பேங்க் கணக்கை மைனரிலிருந்து மாற்றி, கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) கொடுங்கள். இல்லாவிட்டால் பணம் எடுக்க முடியாமல் முடங்கும். சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6, வருமான வரி பான் அட்டை இரண்டையும் அதே சமயம் போடலாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு பள்ளியிலேயே நடந்திருந்தால், அந்த அட்டையைப் பத்திரப்படுத்தி 3 வருஷத்துக்கு ஒருமுறை இணையத்தில் புதுப்பியுங்கள். புதுப்பிக்க வேண்டிய மாதத்தைப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள்.