அடல்ட் ரிசார்ட்டில் அறை எடுக்கப்போகிறவர்களுக்கு, வரவேற்பு மேசையிலிருந்து

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் பெரியவர்களுக்கான ரிசார்ட் ஒன்றில் தங்கலாம் என்று வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அறையின் படத்தை. கடலைப் பார்த்த பால்கனி, மெழுகுவர்த்தி, வட்டக் கட்டில். நான் பார்க்கச் சொல்வது அந்த அறை எந்த நிலத்தில் இருக்கிறது என்பதை. பகலில் மதுரையில் ஒரு லாட்ஜில் சாவி கொடுப்பவன் நான். ராத்திரியில் அந்த உலகத்து ரிசார்ட் ஒன்றில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். சம்பளம் அந்த உலகத்துப் பணமான லிண்டன் டாலரில். மாத முடிவில் டிப்ஸையும் கூட்டிப் பார்த்தால் ஒரு காபி, ஒரு வடைக்குத் தேறும். இரண்டு மேசையிலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ரூம் கதவு நல்லாப் பூட்டுமா?" மதுரையில் பூட்டும். அங்கே கதவு வெறும் ஜோடனை.

உள்ளே நுழையும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். செகண்ட் லைஃப் 2003-இல் லிண்டன் லேப் நிறுவனம் திறந்த உலகம். கணக்குத் தொடங்கக் காசு கிடையாது. நிலங்களுக்கு ஜெனரல், மாடரேட், அடல்ட் என்று மூன்று தரம். நாம் பேசும் ரிசார்ட்டுகள் அடல்ட் நிலத்தில்தான் இருக்கும். 2009-இல் இதற்கென்றே ஜிண்ட்ரா என்று ஒரு கண்டத்தைத் திறந்தார்கள். அது போகத் தனியார் தீவுகளும் நிறைய. 18 வயது ஆகியிருக்க வேண்டும். வியூவரின், அதாவது அந்த உலகத்தைத் திரையில் காட்டும் மென்பொருளின், விருப்பங்கள் பக்கத்தில் அடல்ட் வரை பார்க்கலாம் என்று மாற்றாவிட்டால் தேடலில் இந்த இடங்கள் தட்டுப்படவே தட்டுப்படாது. குழந்தை போலத் தோன்றும் அவதாருக்கு, அதாவது அங்கே நடமாடும் உங்கள் உருவத்துக்கு, அடல்ட் நிலத்தில் அனுமதி இல்லை. வேடிக்கைக்குக்கூட அப்படி ஒரு உருவத்தில் வராதீர்கள். பேச்சே கிடையாது, வெளியேற்றிவிடுவோம்.

இனி கதவு விஷயம். கீபோர்டில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை நகர்த்தினால் உங்கள் கேமரா உடம்பை விட்டுத் தனியே போகும். சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. உங்களால் முடிவது அடுத்தவராலும் முடியும். பேச்சும் அப்படித்தான். கீபோர்டில் சாதாரணமாகத் தட்டிப் பேசுவது 20 மீட்டர் வரை கேட்கும், கிசுகிசுத்தால் 10, கத்தினால் 100. நடுவில் எத்தனை சுவர் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே உள்ளூர் சாட்டில் காதல் பேசினால் பக்கத்து அறைக்காரர் வரி விடாமல் படிப்பார். இருவர் பேச்சுக்குத் தனிச்செய்தி ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். மூன்றாம் ஆளுக்கு அது போகாது.

உண்மையான பூட்டு நில அமைப்பில் இருக்கிறது. பக்கத்துப் பார்சலில், அதாவது பக்கத்து மனையில், இருப்பவர்கள் இங்கே இருக்கும் அவதார்களைப் பார்க்கலாமா, பேசுவதைக் கேட்கலாமா என்று ஒரு சின்னக் கட்டம். அதில் டிக்கை நீக்கியிருந்தால் வெளியே நிற்பவர் கேமராவை உள்ளே விட்டாலும் காலிக் கட்டில்தான் தெரியும். ஆனால் முப்பது அறையும் ஒரே பார்சலில் இருந்தால் இந்த ஏற்பாட்டால் பயன் இல்லை, எல்லாரும் உள்ளே இருப்பவர்கள்தானே. அழகான கட்டடமுள்ள ஹோட்டல்கள் பல இப்படித்தான். அதனால் பணம் கட்டும் முன் அறைக்குள் போய் நின்று, 'நிலத்தைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து பார்சலின் பெயரைப் பாருங்கள். நடைக்கூடத்துக்கு வந்து மறுபடி பாருங்கள். பெயர் மாறினால் அறைக்குத் தனி நிலம் இருக்கிறது. அந்தக் கட்டத்தையும் பார்த்துவிட்டுத் தைரியமாக எடுங்கள். மாறவில்லை என்றால் ஸ்கைபாக்ஸ், அதாவது வானத்தில் தொங்கும் அறை, இருக்கிறதா என்று கேளுங்கள். பார்சல் என்பது நேராக மேலே போகும் நிலம், 4096 மீட்டர் உயரம் வரை வீடு கட்டலாம். இரண்டாயிரம் மீட்டரில் தொங்கும் அறையும் அதே பார்சல்தான், ஆனாலும் எட்டிப் பார்க்க ஒருவர் அங்கே ஏறி வந்தாக வேண்டும். வந்தால் ஃபயர்ஸ்டார்ம் வியூவரின் ரேடார் அவர் பெயரையும் எத்தனை மீட்டரில் நிற்கிறார் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

வாடகை சுலபம். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். வலது கிளிக், பணம் கொடு, தொகை, அவ்வளவுதான். பெரும்பாலும் வாரக் கணக்கு. ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் டாலர் என்பதால் ஒரு வார அறை கையைக் கடிக்காது. ஆசையில் நாலு வாரத்துக்குச் சேர்த்துக் கட்டாதீர்கள். மிச்ச நாளுக்குப் பணம் திருப்புவது அநேக இடங்களில் வழக்கமில்லை. பணம் கொடுக்க உங்களிடம் எந்த அனுமதியும் கேட்கத் தேவையில்லை. 'உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதிக்கிறீர்களா' என்று ஒரு பொருள் கேட்டால் மறுத்துவிடுங்கள், அது எங்கள் ரிசார்ட்டுப் பொருளாகவே இருந்தாலும். அப்புறம், லாட்ஜில் ஆதார் கேட்பது என் வேலை. அங்கே பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் 'நம்பிக்கைக்காக' அடையாள அட்டைப் படம் கேட்டால் பிளாக் செய்துவிட்டு எழுந்து வாருங்கள்.

கட்டில், சோபா, குளியல்தொட்டி எதில் உட்கார்ந்தாலும் அசைவுகளைத் தேர்ந்தெடுக்கும் மெனு வரும். உட்கார்வதே உங்கள் அவதாரை அசைக்க அந்தப் பொருளுக்குக் கொடுக்கும் சம்மதம். ஆகவே மெனுவை யார் இயக்குவது, எதுவரை போகலாம் என்பதை உட்காரும் முன்பே இருவரும் பேசிவையுங்கள். பிடிக்காவிட்டால் 'எழுந்திரு' பட்டன் திரையிலேயே இருக்கும். உடம்பு ஏதோ ஒரு கோணத்தில் மாட்டிக்கொண்டால் அசைவுகளை நிறுத்தும் கட்டளை வியூவர் மெனுவில் உண்டு. இடத்தை விட்டே ஓட வேண்டுமானால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஹெச் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், உங்கள் வீட்டு இடத்துக்குப் போய்விடுவீர்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அடல்ட் நிலம் என்பதால் எங்கும் எப்படியும் திரியலாம் என்று அர்த்தமில்லை. வந்தவுடன் கைக்கு வரும் நோட்கார்டை, அதாவது அந்த இடத்தின் விதிக் குறிப்பை, படியுங்கள். சில இடங்களில் லாபியில் உடை கட்டாயம், சில இடங்களில் நீச்சல்குளம் வரை சுதந்திரம். முன்பின் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் அறைக்கு அழைப்பு விடுபவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் புகார் வரும். வணக்கம் சொல்லுங்கள், அவருடைய புரொஃபைலைப் படியுங்கள். என்ன வேண்டாம் என்று பாதிப் பேர் அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிறர் பேச்சின் பதிவைச் சம்மதமின்றிப் பரப்புவது அந்த உலகத்தின் விதிகளுக்கே விரோதம். வாய்ஸ் பற்றி என் சொந்தக் கருத்து: முதல் வாரம் வேண்டாம். தட்டும்போது ஊர் தெரியாது, பேசினால் தெரிந்துவிடும்.

நேரம் பார்த்து வாருங்கள். அங்கே கடிகாரம் கலிஃபோர்னியாவுடையது. கோடையில் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. நம் காலை ஏழரைக்கு அமெரிக்கர்களின் மாலைக் கூட்டம். ஐரோப்பியர்கள் வேண்டுமானால் நம் நள்ளிரவு.

கிளம்பும்போது நீங்கள் வைத்த சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள். மறந்தாலும் தானியங்கித் திருப்பல் உள்ள நிலத்தில் அவை உங்கள் உடைமைகள் இருக்கும் இன்வென்டரியில் தொலைந்த பொருள் ஃபோல்டருக்கு வந்து சேரும். டிப்ஸ் பெட்டி மேசைக்கு இடப்பக்கம்.