தொலைதூரப் பனிப்பொருளின் விட்டத்தையும் தெறிதிறனையும் கணித்தல்

நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் சிறு பனிப்பொருள்களுட் பெரும்பாலானவை எத்தனை பெரிய தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியாகவே தெரிவதால், அவற்றின் விளிம்பை நேரே அளக்க வழியில்லை. ஆகவே ஒளிர்விலிருந்து தொடங்குவோம். (தெறிதிறன் என்பது தன்மீது விழும் ஒளியில் ஒரு பொருள் தெறிக்கும் பங்கு.)

படி 1. சூரியனிலிருந்து 40, பூமியிலிருந்து 39 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்) தூரத்திலுள்ள ஒரு பொருளின் தோற்ற ஒளிர்வெண் (நமக்குத் தெரியும் ஒளிர்வைக் குறிக்கும் எண்; ஒளிர்வு கூட எண் குறையும்) 21 எனக் கொள்க. இரு தூரங்களையும் பெருக்கி (1560), பத்தடி மடக்கை எடுத்து (3.19), அதன் ஐந்து மடங்கை 21 இலிருந்து கழித்தால், தனி ஒளிர்வெண் (சூரியனிலிருந்தும் பூமியிலிருந்தும் ஒரு வானியல் அலகு தூரத்தில் இருந்தால் அப்பொருள் காட்டும் ஒளிர்வெண்) ஏறத்தாழ 5 ஆகும்.

படி 2. விட்டம் (கிலோமீற்றரில்) = 1329 ÷ √தெறிதிறன் × 10 இன் (−தனி ஒளிர்வெண் ÷ 5) ஆம் அடுக்கு. தெறிதிறன் 0.04 எனில் நமது பொருளின் விட்டம் 664 கிலோமீற்றர், 0.64 எனில் வெறும் 166. கரிய பெரும் பொருளும் வெண்மையான சிறு பொருளும் ஒரே அளவு ஒளியைத் தெறிக்கின்றன என்பதே இதற்குக் காரணம். விட்டத்தில் நான்கு மடங்கு பிழைத்தால் கனவளவில் 64 மடங்கு பிழைக்கும். அதனை நம்பி அடர்த்தி கணிப்பது வீண்வேலை.

படி 3. சித்திரை வெயிலில் பலாலி வீதியைச் செருப்பின்றிக் கடப்பவரின் உள்ளங்கால், தாரையும் அதன்மேல் தீட்டிய வெள்ளைக் கோட்டையும் உடனே வேறுபடுத்தும். தெறிக்காத ஒளி வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை அளந்தால் இரண்டு அறியாக் கணியங்களுக்கு இரண்டாவது சமன்பாடு கிடைக்கும். ஆனால் 40 கெல்வின் அளவே வெப்பநிலையுள்ள பொருள் ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் கதிர்வீசுவதாலும், அக்கதிரை நமது வளிமண்டல நீராவி உறிஞ்சிவிடுவதாலும், 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹேர்ஷல் போன்ற விண்வெளித் தொலைநோக்கிகளே இதற்கு உதவின.

படி 4. நாமும் பங்குகொள்ளக்கூடிய முறை விண்மீன் மறைப்பு: பொருள் ஒரு விண்மீனின் முன்னால் கடந்து அதன் ஒளியைச் சிறிது நேரம் மறைப்பது. பொருளின் நிழல் செக்கனுக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில் நகர, விண்மீன் 20 செக்கன் மறைந்தால், 480 கிலோமீற்றர் நீளமான ஒரு நாண் கிடைக்கும். ஒரு நாண் விட்டத்தின் கீழெல்லையை மட்டுமே தரும். ஆகவே வெவ்வேறு இடங்களிலிருந்து, துல்லியமான கடிகாரத்துடன் பலர் அவதானிக்க வேண்டும். (கார்த்திகை மாதத்து மறைப்பானால், யாழ்ப்பாணத்தில் முகில் விலகுவதற்கும் நேர்ந்துகொள்ள வேண்டும்.)

பயிற்சிக்கு நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குறுங்கோளான எரிஸை எடுங்கள். 2010 நவம்பரில் சிலியிலிருந்து அவதானித்த மறைப்பில் அதன் விட்டம் 2326 கிலோமீற்றர் எனத் தெரிந்தது. அதன் தனி ஒளிர்வெண் ஏறத்தாழ −1.17. படி 2 இன் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், 1329 ஐ 2326 ஆல் வகுத்து வர்க்கித்த 0.326 ஐ, 10 இன் 0.468 ஆம் அடுக்கான 2.94 ஆல் பெருக்க வேண்டும். விடை 0.96: புதுப் பனியின் வெண்மை.