தோட்டத்துக்கு எந்தக் காவல் முதலில் வேண்டும்? முன்னுரிமைகளை வகுத்து நிலையத்தில் சேர்ப்பது எப்படி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துத் தெற்கு செபராங் பிறையில், ஜாவி, சுங்கை பாக்காப், நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டங்களிலும் கம்பத்துக் கிராமங்களிலும் பாதுகாப்புக் கூட்டம் என்று கூடினால் முதலில் எழும் குரல் ஒன்றுதான்: "போலீஸ் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை." ஆதங்கம் நியாயமானது. ஆனால் அதை அப்படியே நிலையத்தில் போய்ச் சொன்னால் ஒன்றும் நகராது. "அடிக்கடி வாங்க" என்பதை ரோந்து அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? "திங்கள் முதல் வெள்ளி வரை, விடிகாலை 5.45 முதல் 6.30 வரை, பேக்டரி பஸ் நிற்கும் முச்சந்தி" என்று கேட்டால் எழுதலாம். முன்னுரிமை என்றால் இதுதான்: இடமும் நேரமும் ஒட்டிய ஒரு சிக்கல். அப்படி மூன்று போதும். பத்து அம்சக் கோரிக்கை மனு கோப்புக்குள் போய்விடும். மூன்று வரி, பணிக்குக் கிளம்பும் காவலரின் மனத்தில் நிற்கும்.

அந்த மூன்றை எட்ட முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். 80 பக்க நோட்டு போதும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஏழு கட்டம் போடுங்கள்: தேதியும் கிழமையும், நேரம், இடம், நடந்தது, போன பொருளும் மதிப்பும், வந்த வழியும் போன வழியும், போலீஸ் ரிப்போர்ட் எண். ஆள் பெயர் வேண்டாம், வீட்டு எண் மட்டும். தோட்டத்துக் கடையிலோ கோயில் அலுவலக அறையிலோ, நாள் முழுக்க ஆள் இருக்கும் ஓரிடத்தில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதிக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அங்கே ஒரே திருட்டு மூன்று பேர் வாயால் மூன்று திருட்டாகும். இரண்டு நாளில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்தும் போகும்.

நேரக் கட்டத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "நேற்று ராத்திரி" என்று எழுதினால் அந்த வரியால் பயனில்லை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு நேரம் கேளுங்கள்: பொருளைக் கடைசியாகப் பார்த்தது எப்போது, காணோம் என்று தெரிந்தது எப்போது. இப்படிப் பாருங்கள். முதல் வீட்டில் இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளை இரவு 9.10க்குப் பார்த்திருக்கிறார்கள், விடிகாலை 5.20க்குக் காணவில்லை. இரண்டாவது வீட்டுக்காரர் இரவு வேலை முடிந்து 2.00 மணிக்குத் திரும்பியபோது மோட்டார் இருந்தது, காலை 6.00க்கு இல்லை. மூன்றாவது வீட்டில் 11.00க்கு இருந்தது, 4.40க்கு நாய் குரைத்து எழுந்து பார்த்தால் இல்லை. மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் 2.00 முதல் 4.40 வரைதான் பொதுவாக நிற்கிறது. மூன்றும் ஒரே கூட்டத்தின் வேலையாக இருந்தால், இரவு முழுக்க ரோந்து கேட்க வேண்டியதில்லை. இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குக் கேட்டால் போதும்.

போன வழியையும் விட்டுவிடாதீர்கள். நிபோங் தெபாலுக்குத் தெற்கே கிரியான் ஆற்றைத் தாண்டினால் பாரிட் புந்தார், அது பேராக். பக்கத்திலேயே பண்டார் பாரு, அது கெடா. திருடனுக்கு அது ஐந்து நிமிடப் பயணம். காவல்துறைக்கோ வேறு மாநிலப் படை, வேறு கோப்பு. மோட்டார் எந்தச் சாலையில் திரும்பியது என்று உங்கள் நோட்டில் நாலைந்து வரி இருந்தால், பக்கத்து மாவட்டத்தோடு பேச நிலையத் தலைவருக்குக் கையில் பிடி கிடைக்கும்.

எட்டு வாரமாவது எழுதுங்கள். பிறகு ஏ4 தாளில் தோட்டத்து வரைபடத்தைக் கையால் போட்டு, சம்பவத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். புள்ளிகள் தோட்டம் முழுக்கச் சிதறாது, இரண்டு மூன்று இடத்தில் குவியும். ஒருமுறை புகுந்த வீட்டிலோ அதன் பக்கத்து வீட்டிலோ சில வாரங்களுக்குள் மறுபடி புகுவது உலகம் முழுக்கக் கண்ட வழக்கம். வழியும் பூட்டும் திருடனுக்குப் பழகிப்போயிருக்கும். அதனால் திருட்டு நடந்த வீட்டின் சன்னல் கம்பியை அந்த வாரமே சரிசெய்யுங்கள்.

ரிப்போர்ட் இல்லாத திருட்டு, காவல்துறைக் கணக்கில் நடக்காத திருட்டு

"200 வெள்ளி (ரிங்கிட்) பம்புக்கு யார் ரிப்போர்ட் செய்வது" என்று விடுவதால், நிலையத்தின் பதிவில் உங்கள் தோட்டம் அமைதியான இடமாகத் தெரிகிறது. ரோந்து பதிவைப் பார்த்துத்தான் பிரிக்கப்படும். சின்னத் திருட்டானாலும் ரிப்போர்ட் செய்யுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவுப்படி, மலேசியாவில் எங்கே நடந்த குற்றமானாலும் தகவலை ஏற்றுக்கொள்வது காவலரின் கடமை. "அந்த நிலையத்துக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். மலாய் சரளமாக வராத பெரியவர்களோடு படித்த பிள்ளை ஒருவர் போகட்டும். கையெழுத்துப் போடுமுன் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இடத்தின் பெயரும் நேரமும் தவறாகப் பதிவாவது இங்கேதான்.

ரிப்போர்ட் செய்து நான்கு வாரம் கடந்தும் தகவல் இல்லையா? 107ஏ பிரிவின்படி விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். திருட்டும் வீடு புகுதலும் அதில் அடங்கும். கேட்டதிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் முறையிடலாம். தோட்டப்புறங்களில் இந்த உரிமையைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. பயன்படுத்துங்கள்.

மூன்றைத் தேர்ந்தெடுப்பது

கூட்டத்தில் உரத்துப் பேசுபவரின் சிக்கலே முதல் முன்னுரிமையாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதனால் பேச்சைத் தொடங்குமுன் நோட்டையும் வரைபடத்தையும் மேசையில் வையுங்கள். உடம்பில் காயம் பட்டதா, பட வாய்ப்பிருந்ததா என்பது முதல் அளவுகோல். அதே இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறதா என்பது இரண்டாவது. காவல்துறையால் மட்டுமே ஆகும் வேலையா என்பது மூன்றாவது. ஒன்பது முறை செம்பனைக் குலை போயிருக்கலாம். ஆனால் இருட்டில் பஸ்ஸுக்கு நின்ற பெண்ணின் கைப்பை பறிக்கப்பட்டு அவர் கீழே விழுந்தது ஒரேமுறை என்றாலும், அதுதான் மேலே வர வேண்டும்.

குலைத் திருட்டுக்கு ஆளைத் துரத்துவதைவிட வாங்குபவரைப் பார்ப்பதே பலன் தரும். செம்பனைக் குலையை வாங்கி விற்க மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். கட்டிப்பாலுக்கு ரப்பர் வாரியத்தின் உரிமம். செம்புக் கம்பி, தண்ணீர்ப் பம்பு, கோயில் மணி எல்லாம் போய்ச் சேரும் பழைய இரும்புக் கடைக்கோ 1946ஆம் ஆண்டுப் பழைய பொருள் வியாபாரிகள் சட்டப்படி காவல்துறையே உரிமம் தருகிறது. ஆகவே "ரோந்து வேண்டும்" என்பதோடு நிறுத்தாமல், "இந்த வட்டாரத்துப் பழைய இரும்புக் கடைகளின் பதிவேட்டை இம்மாதம் சோதிக்க வேண்டும்" என்றும் கேளுங்கள். ஒரே நாள் சோதனை, பல இரவு ரோந்தைவிட அதிகம் செய்யும்.

சில சிக்கல்கள் கூட்டத்தில் வாயைத் திறக்காது. வீட்டுக்குள் அடி வாங்கும் பெண் கணவரும் மாமனாரும் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் பேச மாட்டார். பெண்களைத் தனியாக, ஒரு பெண் கேட்கும்படி சந்தியுங்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியவை: தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999, 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், சமூகநலத் துறை தரும் ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை. இதையெல்லாம் பொது நோட்டில் எழுதவே கூடாது. போதைப்பொருள் வீடும் அப்படித்தான். "அந்த லயத்து மூன்றாவது வீடு" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னால், ராத்திரிக்குள் அந்த வீட்டுக்கே செய்தி போய்விடும். மாவட்டத் தலைமையகத்தின் போதைப்பொருள் பிரிவில் தனியே சொல்லுங்கள். தகவல் தருபவரின் அடையாளத்தை 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 40ஆவது பிரிவு காக்கிறது.

கள்ளச் சாராயமான சம்சுவை "பழைய கதை" என்று ஒதுக்காதீர்கள். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். விற்பனை நடக்கும் இடம் தெரிந்தால் அது உயிர்ப் பிரச்சினை, முதல் மூன்றில் இடம் கொடுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் அவர்களுடைய மண்டோர் (மேற்பார்வையாளர்) வழியாகக் கேளுங்கள். ரிப்போர்ட் செய்யத் தயங்குவார்கள் என்று தெரிந்தே சம்பள நாளில் அவர்களை வழிமறிப்பவர்கள் உண்டு.

கடிதமும் சந்திப்பும்

ஓசிஎஸ் எனப்படும் நிலையத் தலைவருக்கு மலாயில் ஒரே பக்கம். மேலே மூன்று சிக்கல், ஒவ்வொன்றிலும் இடம், கிழமை, நேரம், ரிப்போர்ட் எண்கள். கீழே ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்யப்போவது ஒரு வரி, காவல்துறையிடம் கேட்பது ஒரு வரி. பின்னால் வரைபடம். நகல் மாவட்டக் காவல் தலைவருக்கும் கிராம நிர்வாக மன்றத்துக்கும் போகட்டும். உங்கள் பிரதியில் தேதியோடு சாப் (முத்திரை) வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள். நிலையத் தலைவர் மாற்றலாகிப் போனால், புதியவரிடம் காட்ட அந்தச் சாப்தான் இருக்கும்.

காவல்துறையின் வேலை அல்லாததைக் கடிதத்தில் கலக்காதீர்கள். முச்சந்தி விளக்கு எரியவில்லை என்றால் விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்து செபராங் பிறை மாநகர் மன்றத்திடமோ தெனாகா மின் நிறுவனத்திடமோ சொல்ல வேண்டும். தோட்டத்து உள்சாலை தனியார் நிலம், அங்கே விளக்கும் புல்வெட்டும் நிர்வாகத்தின் பொறுப்பு. நுழைவாயில் கேட்டை இரவில் சங்கிலி போட்டுப் பூட்டுகிறீர்களா? ரோந்து வண்டி வெளியே நின்று ஹாரன் அடித்துத் திரும்பிவிடும். ஜாகா (காவலாளி) இல்லாத தோட்டமென்றால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அவருடைய தொலைபேசி எண்ணையும் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

999க்கு அழைப்பவர் "பழைய லயம், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால்" என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு லயத்தின் ஓரச் சுவரிலும் ஓரடி உயர எழுத்தில் எண் எழுதுங்கள். கோயில், கடை, தமிழ்ப்பள்ளி, கேட் ஆகியவற்றின் கூகுள் வரைபடப் புள்ளியை நிலையத்துக்கு அனுப்புங்கள். சொல்ல வேண்டிய நான்கு மலாய் வரிகளை அட்டையில் அச்சிட்டு வீட்டுக்கு வீடு ஒட்டுங்கள்.

உங்கள் பங்கு சொந்த ரோந்து என்றால், ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கத்துக் குழு வழியாகவே போங்கள். 2012ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டத்தின் கீழ் தன்னார்வ ரோந்துத் திட்டம் இருக்கிறது. ஒற்றுமைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பதிவில்லாமல் கம்போடு சுற்றும் பையன்களுக்கு நாளை ஒன்று நேர்ந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பாராங் கத்தி வேண்டவே வேண்டாம். குலை வெட்டும் கத்தி பகலில் தொழில் கருவி, இரவு சாலையில் அதுவே வழக்கு. டார்ச்சு, ஒளிரும் மேலாடை, சார்ஜ் நிரம்பிய கைப்பேசி, குறைந்தது இரண்டு பேர். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையில்லாத குற்றத்தைக் கண்முன்னே செய்பவரைப் பிடிக்கப் பொதுமக்களுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் தாமதமில்லாமல் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். மரத்தில் கட்டி அடித்தால் வழக்கு உங்கள் மேல்தான் திரும்பும். முகத்தைப் படமெடுத்துப் புலனத்தில் போடுவதையும் தடுத்துவிடுங்கள். ஆள் மாறிப்போனால் ஒரு குடும்பமே தலைகுனியும்.

மூன்று மாதம் கழித்து அதே நோட்டோடு நிலையத் தலைவரைப் பாருங்கள். முதல் மாதத்தில் ரிப்போர்ட் எண்ணிக்கை கூடும். திருட்டு கூடியதென்று பதற வேண்டாம், சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறார்கள். நோட்டில் உள்ள சம்பவத்தையும் ரிப்போர்ட்டையும் தனித்தனியே எண்ணினால் வேறுபாடு தெரியும். தீர்ந்த சிக்கலை எடுத்துவிட்டு அடுத்ததை ஏற்றுங்கள். புள்ளிகள் பக்கத்துத் தோட்டத்துக்கு நகர்ந்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆண்டுதோறும் ஒரு தேதியை மட்டும் தனியே குறித்து வையுங்கள். தைப்பூசத்துக்கு லயமே காலியாகிப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும். வீட்டைப் பூட்டிப் போவதை நிலையத்தில் தெரிவிக்கப் படிவம் உண்டு. ஒரு வாரம் முன்பே வீடு வீடாக நிரப்பி மொத்தமாகக் கொடுங்கள். எந்த லயத்தில் யார் தங்கியிருப்பார், அவருடைய கைப்பேசி எண் என்ன என்று மேலே ஒரு தாளில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.