கல்கரியில் முதல் குளிர்காலம்: கார் கண்ணாடியில் கல் பட்டால்

கல்கரிக்குப் புதிதாக வந்து கார் வாங்கியவர்களிடம் நான் முதலில் சொல்வது, வண்டிக்குள் ஒரு செலோடேப் சுருளைப் போட்டு வையுங்கள் என்பதுதான். அது எதற்கு என்று ஜனவரியில் தெரிந்துவிடும்.

குளிர் மைனஸ் 20-ஐத் தாண்டும் ஊரில் வெறும் உப்பைத் தூவினால் ஐஸ் உருகாது. அதனால் இங்கே சாலையில் பொடிக்கல்லும் மணலும் சேர்த்துத் தூவுகிறார்கள். டயர் வழுக்காமல் இருக்க அது ரொம்பவே உதவுகிறது. ஆனால் டியர்ஃபுட் டிரெயில் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே கல் முன்னால் ஓடும் லாரியின் டயரிலிருந்து தெறித்து நம் கண்ணாடிக்கு வரும். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வசந்தத்தில் நகராட்சி வண்டிகள் வந்து சாலைகளைப் பெருக்கி முடிக்கும்வரை இந்தத் தொல்லை இருக்கும். லாரிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு ஓட்டினால் கல் தெறித்து அடிப்பது குறையும்.

என் முதல் வருடம் துவரம்பருப்பு அளவில் ஒரு சிப், அதாவது கல் பெயர்த்த குழி, விழுந்தது. சின்னதுதானே, கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு காலை, உறைந்து கிடந்த வண்டியில் ஏறி கண்ணாடியில் சூடான காற்றடித்துப் பனியை உருக்கும் டீஃப்ராஸ்டரை முழுச் சூட்டில் வைத்தேன். அந்தப் பருப்பிலிருந்து ஒரு கோடு கிளம்பி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து சீட் வரை மெதுவாக ஓடியது. கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. புது வண்டிகளில் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது. மாற்றியபின் அதையும் சரிபார்த்து அமைக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. எல்லாம் சேர்த்து 1,000 டாலருக்கு மேல் போனது. சிப்பை நாமே அடைக்கும் 20 டாலர் கிட் ஒன்று வாங்கியிருந்தால் தப்பித்திருப்பேன்.

முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒட்டும் பிளாஸ்டிக் படலம். சின்னக் கல் வெளித்தகட்டை மட்டும்தான் பெயர்க்கும். அந்தக் குழிக்குள் காற்று நிற்கிறது, அதனால்தான் கறுப்பாகத் தெரிகிறது. தண்ணீர் புகுந்தால் உறைந்து விரிந்து விரிசலைத் தள்ளும். உள்ளே சூடு, வெளியே குளிர் என்றாலும் கண்ணாடி இழுபடும். மலையிலிருந்து இறங்கும் சினூக் என்ற வெதுவெதுப்பான காற்று அடித்தால் ஒரே நாளில் 20 டிகிரி ஏறி இறங்கும் ஊர் இது. அதனால் அடி பட்ட அன்றே வண்டியை நிறுத்தி, காய்ந்த துணியால் துடைத்து, சிப் மேல் செலோடேப் ஒட்டிவிடுங்கள். வைப்பரில் வாஷர் திரவம் அடிக்காதீர்கள். ஈரமும் அழுக்கும் உள்ளே போய்விட்டால் அப்புறம் குழியை அடைக்கும் பிசினான ரெசின் பிடிக்காது.

எல்லாச் சிப்பையும் நாமே சரிசெய்ய முடியாது. 25 சென்ட் நாணயத்தை மேலே வைத்துப் பாருங்கள். நாணயத்துக்குள் அடங்கினால் முயலலாம். ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகவோ, கண்ணாடி ஓரத்தை ஒட்டியோ, கேமராவுக்கு முன்னாலோ இருந்தால் கடைக்குப் போய்விடுங்கள். கோடு நீளமாக ஓடியிருந்தாலும் அப்படித்தான். பக்கக் கண்ணாடி வேறு வகை, அதை ஒட்டவே முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கிட் கனேடியன் டயர் போன்ற கடைகளில் கிடைக்கும். அபார்ட்மென்ட்டில் சூடான நிலத்தடி பார்க்கிங் இருந்தால் இந்த வேலைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. வண்டியை இரவு முழுக்க அங்கே விடுங்கள். கண்ணாடி இதமான சூட்டுக்கு வரும், ஈரமும் காயும். வெயிலும் அங்கே எட்டாது. ரெசின் புற ஊதாக் கதிர் பட்டால் இறுகும் பொருள், அதனால் வெயிலில் உட்கார்ந்து செய்தால் உள்ளே போவதற்குள் இறுகிவிடும்.

டேப்பை எடுத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உதிரியாக நிற்கும் கண்ணாடித் தூளை ஊசி நுனியால் மெல்லத் தட்டி எடுங்கள். குத்தாதீர்கள். கிட்டில் உள்ள ஒட்டு வட்டத்தைச் சிப் நடுவில் வரும்படி ஒட்டி, மேலே குழாயைப் பொருத்தி ரெசின் விட வேண்டும். கிட்டில் வரும் சிரிஞ்சை அதில் செருகி இழுத்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் காற்று குமிழ்குமிழாக வெளியே வரும். பிறகு அழுத்தினால் ரெசின் உள்ளே இறங்கும். எத்தனை நிமிடம் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும், அட்டையில் போட்டிருப்பதை அப்படியே செய்யுங்கள்.

இந்த இடத்தில் அவசரம் கூடாது. வண்டிக்குள் உட்கார்ந்து போன் டார்ச் அடித்துப் பாருங்கள். நட்சத்திரம் மாதிரி கறுப்பாக இருந்த கால்கள் ஒவ்வொன்றாக மறையும். ரெசின் ஒளியைக் கண்ணாடி போலவே வளைப்பதால் நிரம்பிய இடம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஒரு கால் கறுப்பாகவே நின்றால் மறுபடி இழுத்து அழுத்துங்கள். இறுகிய பிறகு கடைக்காரராலும் அதைத் திருத்த முடியாது.

நிரம்பியதும் கருவியைக் கழற்றி, மேலே ஒரு சொட்டு விட்டு, கிட்டில் வரும் பிளாஸ்டிக் தாளை மூடி, வண்டியை வெயிலுக்குக் கொண்டுபோங்கள். டிசம்பர் வெயிலை நம்ப முடியாது, கையடக்க புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. இறுகியதும் பிளேடைக் கண்ணாடிக்குச் செங்குத்தாகப் பிடித்து மேல்பூச்சைச் சுரண்டி எடுங்கள். காய்ந்த நீர்த்துளி போல ஒரு தடம் மிஞ்சும், அது போகாது. விரிசல் ஓடாமல் நின்றால் போதும்.

கிட் வாங்குவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் புரோக்கரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஆல்பர்ட்டாவில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதங்களுக்கான காப்பீடு) எடுத்திருந்தாலும் கண்ணாடி சேராத பாலிசிகள் உண்டு. சில பாலிசிகள் சிப் ரிப்பேருக்கு முழுப் பணமும் தரும், அப்படியானால் நீங்கள் கை வைக்கவே தேவையில்லை. லீஸ் வண்டி என்றால் லீஸ் கொடுத்த நிறுவனத்தையும் கேட்டுவிடுங்கள்.

ஒட்டிய பிறகு ஒரு நாளாவது கார் வாஷ் பக்கம் போகாதீர்கள். அந்த இடத்தில் ஐஸ் சுரண்டும் ஸ்கிரேப்பரை அழுத்தித் தேய்க்காதீர்கள். ஐஸ் உருகட்டும் என்று சுடுதண்ணீர் ஊற்றும் பழக்கம் எந்தக் கண்ணாடிக்கும் ஆகாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹீட்டரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஐந்து நிமிடம் கழித்துக் கூட்டுங்கள்.