கொழும்பில் இருந்தபடியே உடலழகின் வரலாற்றைக் கற்பது எப்படி

உடலழகு என்னும் கருத்து எவ்வாறெல்லாம் மாறிவந்தது என்பதை அறிய விரும்பும் மாணவருக்கும், பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தர விரும்பும் பெற்றோருக்கும் கொழும்பு போதுமான நகரம். சில ஓய்வுநாட்களும் ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தால் ஆகும். "அழகு காலத்துக்குக் காலம் மாறும்" என்ற வாக்கியத்தை மட்டும் அந்தக் கொப்பியில் எழுத வேண்டாம். அது பொய்யன்று, ஆனால் அதை எழுதியவுடன் தேடல் நின்றுவிடுகிறது. மாறாக, காணும் ஒவ்வோர் உருவத்தைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதைச் செய்வித்தவர் யார், யாருடைய பார்வைக்காகச் செய்வித்தார், இத்தகைய உடலைப் பெற யார் என்ன விலை கொடுத்தார். அது அழகா இல்லையா என்ற கேள்வி கடைசியாக வரட்டும். வராமலே போனாலும் நட்டமில்லை.

முதலில் செல்ல வேண்டிய இடம், ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலை. எல்லாக் கூடங்களையும் சுற்றிக் களைப்பதைவிட, பொலநறுவைச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுத்த வெண்கலங்களின் முன் நேரமெடுத்து நிற்பது பயன்தரும். பார்வதியின் முகநீளத்தைப் பென்சிலால் கண்ணளவாக எடுத்து, அது முழு உருவத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். சிற்ப நூல்கள் முகநீளத்தைத் தாலம் என்றும், ஒரு தாலத்தைப் பன்னிரண்டு அங்குலம் என்றும் வகுத்து, பத்துத் தால அளவான தசதாலத்தில் உத்தம வகைக்கு 124 அங்குலமும் மத்திம வகைக்கு 120 அங்குலமும் விதித்தன. இந்த அங்குலம் அடிக்கோலின் அங்குலமன்று. சிலையின் உயரத்தைப் பங்கிட்டுப் பெறும் அளவு. எந்தத் தெய்வத்துக்கு எந்த அளவு என்பது அத்தெய்வத்தின் நிலையைப் பொறுத்தது. ஆகவே அந்த ஒடுங்கிய இடை, சிற்பி தெருவில் கண்ட எந்தப் பெண்ணுடையதும் அன்று. கணக்கு வகுத்துக் கொடுத்தது. புத்தருக்குச் சொல்லப்படும் முப்பத்திரண்டு மகாபுருட இலக்கணங்களையும் இவ்வாறே வாசிக்க வேண்டும். நின்றபடியே முழந்தாளைத் தொடும் நீண்ட கை அவற்றுள் ஒன்று. அப்படி ஒருவர் பம்பலப்பிட்டியில் நடந்து வந்தால் நாம் திரும்பிப் பார்ப்போம்தான், ஆனால் அழகுக்காக அன்று.

இந்தக் கணக்கை அறியாமல் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு 1910ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ஒரு சம்பவம் சான்று. இந்தியக் கைவினைகளில் வல்லுநராகக் கருதப்பட்ட ஜோர்ஜ் பேர்ட்வூட், ஜாவாவைச் சேர்ந்த ஒரு புத்தர் சிலையின் படத்தைச் சுட்டி, கொழுப்பிட்டு அவித்த புடிங்கும் அதே அளவுக்கு ஆன்ம அமைதியின் சின்னமாகும் என்று எள்ளினார். இத்தகைய பார்வைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி; நூதனசாலை திறந்த அதே 1877இல் இதே நகரில் பிறந்தவர். நூதனசாலையின் வெண்கலங்களை முதன்மையாகக் கொண்டு 1914இல் தனி நூலே எழுதினார். கூடத்துக்குப் போகுமுன் அவருடைய கட்டுரை ஒன்றையாவது வாசித்துவிட்டுப் போவது நல்லது.

அதே பொலநறுவை வெண்கலங்களுள் காரைக்கால் அம்மையாரின் உருவமும் உண்டு. என் மதிப்பில், இந்தப் பாடம் முழுவதையும் அந்த ஒரு சிலையைக் கொண்டே நடத்திவிடலாம். ஒட்டிய மேனி, வற்றிய மார்பு, கையில் தாளம். பார்வதிக்கு விதித்த அழகிலக்கணம் ஒவ்வொன்றும் இங்கே வேண்டுமென்றே தலைகீழாக்கப்பட்டிருக்கிறது. சேக்கிழார் சொல்லும் வரலாற்றில், வணிகன் மனைவியான புனிதவதியை (அம்மையாரின் இயற்பெயர் இது) தெய்வமென்று அஞ்சிக் கணவன் விலகிப்போகிறான்; அவனுக்காகவே இதுவரை இந்தத் தசையின் வனப்பைச் சுமந்தேன், இனி அது வேண்டாம் என்று இறைவனிடம் சொல்லி அவர் பேயுருவைக் கேட்டுப் பெறுகிறார். நம்முடைய இரண்டாவது கேள்விக்கு, 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் காப்பியத்தில் பெண்ணே தரும் விடை இது. பிள்ளைகளை இந்தச் சிலையைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். வரையத் தொடங்கினால்தான், "அழகற்ற" உடல் என்று தோன்றியதை அந்தக் கம்மியர் எவ்வளவு அக்கறையுடன் வார்த்திருக்கிறார் என்பது கைக்குத் தெரியும்.

அடுத்து, நூதனசாலையிலேயே உள்ள சிகிரியா ஓவியங்களின் பிரதிகள். 5ஆம் நூற்றாண்டின் காசியப்ப மன்னனது குன்றில் பொன்னிறப் பெண்களும் கருநிறப் பெண்களும் அருகருகே தீட்டப்பட்டுள்ளனர். கருநிறத்தவர் பணிப்பெண்கள், பொன்னிறத்தவர் அரசிகள் என்று விளக்குவோர் உண்டு. தொல்லியலாளர் பரணவிதானவோ முகில் கன்னியரும் மின்னல் கன்னியரும் என்றார். குமாரசுவாமி எல்லோரும் அப்சரசுகளே என்றார். எந்த விளக்கம் சரி என்று தீர்ப்பளிக்க முயல வேண்டாம். விளக்கத்தைச் சொல்லாமல், யார் அரசி, யார் பணிப்பெண் என்று முதலில் பிள்ளைகளிடம் கேளுங்கள். நிறத்தை வைத்து அவர்கள் உடனே பிரித்துவிட்டால், அந்தப் பிரிவினை ஓவியத்திலிருந்து வந்ததா, தங்களிடமிருந்து வந்ததா என்ற உரையாடல் அங்கேயே தொடங்கிவிடும். படத்தை வைத்து ஒப்பிட விரும்பினால் பௌத்தப் பெண்தெய்வமான தாரையின் சிலையைச் சேர்த்துக்கொள்ளலாம். கிழக்கிலங்கையில் கிடைத்த, பொன்முலாம் பூசிய ஏறத்தாழ 143 சென்ரிமீற்றர் உயர வெண்கலம் அது; 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்குப் போனது. வழிபாட்டுக்காகச் செய்த அந்த வெற்று மார்பைப் பொதுமக்கள் காணத் தகாததென்று கருதி, அங்கே நெடுங்காலம் களஞ்சிய அறையில் வைத்திருந்தார்கள்.

நூற்றாண்டுகளைத் தாண்டி அண்மைக்கு வர, பொரளையிலுள்ள கோதமி விகாரைக்குச் செல்லுங்கள். 1939–40இல் ஜோர்ஜ் கீற் தீட்டிய சுவரோவியங்கள் அங்கே உள்ளன. அகன்ற கண், திரண்ட தோள், ஒரே வீச்சில் ஓடும் கோடு என, பழைய சிற்பத்தின் உடலும் ஐரோப்பிய நவீன ஓவியத்தின் கோடும் ஒன்றில் ஒன்று கலந்த முறை. வழிபாட்டிடம் ஆதலால் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் லயனல் வென்ட் எடுத்த புகைப்படங்களில் உழைக்கும் ஆண்களின் உடல் சிலைபோல் ஒளியில் நிற்கிறது. வசதி படைத்தவர் கையில் கமரா, உழைப்பவர் அதன் முன்னால் என்பதையும் கொப்பியில் குறித்துக்கொள்ள வேண்டும். அதனால் படத்தின் அழகு குறைவதில்லை, ஆனால் யாருடைய பார்வை என்பது தெளிவாகும்.

பிறகு நூலக வேலை. வெள்ளவத்தையில் 1942 முதல் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் உரையோடு கூடிய சங்கப் பாடல் தொகுப்பு ஒன்றை எடுத்து, மேனி நிறம் வரும் இடங்களைக் குறியுங்கள். மாந்தளிர் போன்ற மாமை நிறம் தலைவியின் அழகாகவும், பிரிவில் அது போய் மேனி வெளிறிப் பசலை படர்வது அழகின் அழிவாகவும் திரும்பத் திரும்ப வரும். இன்று தோல் வைத்தியரிடம் ஓடிக் காட்டுவது போன்ற மஞ்சள் புள்ளிகளை, சுணங்கு என்று சொல்லி, வேங்கைப் பூவோடு ஒப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்கள். உடனே, அக்காலத்தில் எல்லோரும் கருமையைப் போற்றினார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். பொன் போன்ற மேனியும் பழந்தமிழில் பாடப்படுகிறது. வெள்ளைக்காரர் வந்துதான் நிற மோகம் வந்தது என்ற எளிய கதைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மறுபக்கத்தில் ஞாயிறு தமிழ்ப் பத்திரிகைகளின் மணமக்கள் விளம்பரங்களைப் பழையதும் புதியதுமாக எடுத்து, பெண்ணைப் பற்றிய சொற்களை ஒரு நிரலிலும் ஆணைப் பற்றியவற்றை மற்றொன்றிலும் எழுதுங்கள். நிறம் எந்த நிரலில் விழுகிறது, தொழில் எதில் விழுகிறது என்று பாருங்கள்.

பிற நாட்டு உதாரணங்களை எடுக்கும்போது, "விசித்திரப் பழக்கங்கள்" என்று படத்தொகுப்புச் செய்வதை அடியோடு தவிர்க்க வேண்டும். 8ஆம் நூற்றாண்டுத் தாங் ஆட்சிக்காலச் சீனக் கல்லறைகளின் மண்பொம்மைகளில் பூரித்த கன்னமுள்ள பெண்கள் உள்ளனர். யப்பானில் மணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கும் வழக்கம், 1873இல் பேரரசி வெண்பற்களோடு தோன்றிய பின் நகரங்களில் வேகமாகக் குறைந்தது. நைஜர் நாட்டின் வோடாபே மக்களிடையே ஆண்கள் முகம் தீட்டி, கண்வெண்மையும் பல்வெண்மையும் தெரிய ஆட, பெண்கள் தேர்ந்தெடுப்பார்கள். இவற்றோடு தென்தமிழகப் பாட்டிமார் பாம்படம் என்னும் கனத்த காதணிக்காக வடித்த காதையும், அவர்களுடைய பேத்திமார் அதை அறுத்துத் தைத்துக்கொண்டதையும் ஒரே பக்கத்தில் எழுதினால், விசித்திரம் என்ற எண்ணம் தானாகக் கரையும்.

மூன்றாவது கேள்வியான விலைக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். சீனச் சிறுமிகளின் பாத எலும்பு கட்டுப்போட்டு உடைக்கப்பட்டது. ஐரோப்பியச் சீமாட்டிகள் முகத்தில் ஈயவெள்ளை பூசினர். இந்தப் பக்கத்தின் கடைசி வரிகளைப் புறக்கோட்டைக் கடைகளில் நின்று எழுதலாம். இந்தியாவில் 1975இல் வந்த "ஃபெயார் அன்ட் லவ்லி" 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது என்பதைக் குறிக்கும்போதே, அதைவிடப் பாரதூரமான, உற்பத்தியாளர் விபரமே இல்லாத வெண்மைக் கிரீம்களின் சிட்டிகளையும் திருப்பிப் பாருங்கள். பாதரசம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் சேர்த்த கிரீம்களை 2020உடன் நிறுத்தச் சொன்னது. மேர்க்குரி, கலோமல், மேர்க்குரஸ் குளோரைட் ஆகியவற்றுள் ஒன்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தாலோ, உட்பொருட்களின் பட்டியலே இல்லாவிட்டாலோ வாங்க வேண்டாம். ஏற்கெனவே பூசிவருபவர் வீட்டிலிருந்தால், அவருடைய துவாயையும் தலையணை உறையையும் பிள்ளைகள் பாவிக்காதபடி பிரித்து வைத்துவிட்டு, கிரீம் சிட்டியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள்.