முதல் குறும்படம்: கேமராவில் காசைக் கொட்டும் முன்

குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கதையைப் பற்றி அல்ல. "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பலருக்கு அது சேமிப்பு மொத்தமும் போகிற விஷயம், சிலருக்குக் கடன். அதனால் சட்டென்று ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை.

விலை கூடிய கேமரா படத்தைக் கெடுக்காது. கெடுப்பது, இருக்கிற பணம் முழுவதையும் கேமரா பாடியிலேயே (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) முடக்கிவிடுவது. லென்ஸ், பேட்டரி, கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாமே தனிச்செலவு. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கே 45 ஜிபி நிரம்பிவிடும். அதற்கு இன்னொரு பிரதியும் வேண்டும். இதெல்லாம் போக, ஒலிக்கென்று பெரும்பாலும் எதுவுமே மிஞ்சுவதில்லை.

ஒரு நண்பரின் படத்துக்கு உதவிக்குப் போயிருந்தேன். அருமையான கேமரா. சமையலறையில் அப்பாவும் மகளும் பேசும் காட்சி. ஒலிக்குக் கேமரா மேலேயே மாட்டிய சின்ன மைக். பக்கத்தில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் உறுத்தவில்லை. எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: ஒரு ஷாட்டில் இரைச்சல், அடுத்த ஷாட்டில் இல்லை, அப்புறம் மறுபடியும் இரைச்சல். மகள் கடைசியில் தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரு வரி அதில் அமுங்கியே போயிருந்தது. டப்பிங் செய்தோம். ஆனால் அந்தப் பெண் அன்றைக்குச் சொன்ன விதம் திரும்பி வரவே இல்லை. இன்றுவரை எனக்கு அது வருத்தம்தான்.

சட்டைக்குள் மறைத்த ஒரு லேப்பல் மைக்கும், ஃபிரிட்ஜை அணைத்துவைத்த பத்து நிமிடமும் அந்த வரியைக் காப்பாற்றியிருக்கும். (அணைத்தால் வண்டிச் சாவியை உள்ளே வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது, திரும்பப் போட மறக்கவும் மாட்டீர்கள். ஒலிப்பதிவாளர்களின் பழைய பழக்கம் இது.) காட்சி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை ஒரு 30 விநாடி பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டையை அதை வைத்துத்தான் அடைக்க முடியும்.

சரி, அப்படியென்றால் போன் போதுமா? அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கரின், 2015-இல் வெளியான 'டேன்ஜரின்' ஐபோன் 5எஸ்-இல் எடுத்த படம்தான். ஆனால் அதைச் சொல்லி உற்சாகப்படுத்துகிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். போனுக்கு முன்னால் அனமார்ஃபிக் அடாப்டர் (அகலத்திரைப் படம் தரும் கூடுதல் லென்ஸ்) இருந்தது, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் கையால் கட்டுப்படுத்தும் ஆப் இருந்தது. போனை அப்படியே ஆட்டோ மோடில் விட்டால் நடிகர் தலை திரும்பும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும். முதலில் ஃபோகஸ், வெளிச்சம் இரண்டையும் பூட்டுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடென்றால் ஷட்டரை 1/50 விநாடியில் வையுங்கள், விளக்குகள் மினுங்காது. ஒலியைத் தனியாகப் பதிந்தால் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) மாறாமல் பதியும் ஆப்பைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நீண்ட ஷாட்களில் உதடும் குரலும் மெல்ல விலகிப்போகும்.

நல்ல கேமரா கிடைத்தவுடன் லாக்கில் (log: பின்னால் நிறம் சேர்த்துக்கொள்வதற்காகப் படத்தை வெளிறிப் பதியும் முறை) எடுப்பது இன்னொரு தவறு. கலர் கிரேடிங் (எடுத்த பிறகு நிறத்தைச் சரிசெய்வது) தெரியாமல், வெளிச்சமும் குறைவாக வைத்து லாக்கில் எடுத்தால், பின்னால் நிறத்தை இழுக்க இழுக்க நிழல் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். முதல் படத்துக்கு கேமராவின் சாதாரண நிற ப்ரொஃபைலே போதும்.

ஒளிக்குச் செலவே இல்லாமல் பழகலாம். ஜன்னலோரம் ஒருவரை உட்கார வைத்து, இருட்டாக இருக்கும் கன்னத்தின் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோலைப் பிடித்துப் பாருங்கள். கிட்டே கொண்டுபோனால் கண்ணுக்குக் கீழே விழும் நிழல் கரையும், தள்ளிப் பிடித்தால் முகம் இறுகும். ஒரு மாலை முழுக்க இதை மட்டும் செய்து பாருங்கள். எந்த மெனுவும் இதைக் கற்றுத்தராது.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மைக், உறுதியான டிரைபாட், ஒரு நல்ல லென்ஸ் என்ற வரிசையில் வாங்குங்கள். பாடி சில வருடங்களில் பழசாகிவிடும், லென்ஸ் அப்படியில்லை. பெரிய கேமராவை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் ஒருநாள் முன்னதாகவே எடுத்து வந்து பழகிவிடுங்கள். படப்பிடிப்பு நடக்கும் காலையில் ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரியாக்கும் அமைப்பு) எங்கே இருக்கிறது என்று மெனுவில் தேடிக்கொண்டிருந்தால், ஜன்னல் வெயில் அதற்குள் நகர்ந்து போயிருக்கும்.