போர்ட் லூயிஸில் ஒரு நாள்: காரை நிறுத்திவிட்டு நடங்கள்

மொரீஷியஸைக் காரில் சுற்றுபவர்கள் தலைநகரையும் ஓட்டிக்கொண்டே பார்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நடுநகரம் சின்னது, தெருக்கள் குறுகல், பலவும் ஒருவழி. கார் ஓரிடத்தில் நிற்கட்டும்.

1. நாளும் நேரமும்
திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறன்று நகரமே தூங்கும். காலை 7 முதல் 9 வரை எம்1 நெடுஞ்சாலை ஊர்ந்துதான் நகரும். 9:30-க்கு மேல் உள்ளே வாருங்கள். நம்மூர் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் ரவுண்டானாவில் வலமிருந்து வரும் வண்டிக்கே முதல் வழி, முட்டி நுழைய முடியாது.

2. நிறுத்துமிடம்
துறைமுகக் கரையிலுள்ள கடைவளாகமான காடன் வாட்டர்ஃபிரண்டின் கட்டண நிறுத்தமே நிம்மதி. தெருவோரம் நிறுத்தினால் பெட்ரோல் பங்கில் கூப்பன் வாங்கி, நேரம் குறித்து, கண்ணாடி வழியே தெரியும்படி வைக்க வேண்டும். நேரம் தீரும்போதெல்லாம் ஓடிவந்துகொண்டிருந்தால் அது என்ன ஓய்வு நாள்?

3. தபால்தலை
காடனிலேயே இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847-இல் வெளியான ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் தபால்தலைகள் உள்ளன. சாயம் வெளுக்காமலிருக்க, அசல் தலைகள்மேல் மணிக்கு ஒருமுறை, 25-ஆம் நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் மட்டுமே விளக்கு எரியும். மற்ற நேரம் பார்ப்பது நகல். எனவே 10:20-க்கே அந்த அறைக்குப் போய்விடுங்கள். விக்டோரியா ராணியின் தலைக்கு இடப்புற ஓரத்தில் ‘போஸ்ட் ஆபீஸ்’ என்ற எழுத்தைத் தேடுங்கள், மதிப்பெல்லாம் அதில்தான்.

4. ஆப்பிரவாசி காட்
ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய பழைய குடியேற்ற நிலையம் இது. துறைமுகத்தை ஒட்டியே நடந்தால் வந்துவிடும். நுழைவு இலவசம். 1834 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இத்தீவுக்கு வந்தார்கள். மதராஸிலிருந்து கப்பலேறிய தமிழர்களும் அதில் உண்டு. 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய கட்டடங்களில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அவர்கள் கரையேறிய கல் படிக்கட்டின் அருகே அவசரப்படாமல் நில்லுங்கள்.

5. சந்தையும் சாப்பாடும்
நெடுஞ்சாலைக்கு அப்பால் மத்திய சந்தை. கனமழை பிடித்தால், சாலைக்கு அடியில் கடக்கும் காடன் சுரங்கப்பாதையில் இறங்காதீர்கள்: 2013 மார்ச் 30 வெள்ளத்தில் நகரில் இறந்த 11 பேரில் சிலர் அங்கே சிக்கியவர்கள்.

பருப்பு அடைத்த மெல்லிய ரொட்டியான தால் பூரியை ஜோடியாகத்தான் விற்பார்கள். உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோலில் ‘என் பேர்’ என்றால் ஒரு ஜோடி. கடைக்காரரிடம் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்! காரம் ஆகாதென்றால், அவர் சுருட்டுமுன்பே ‘சான் பிமாங்’ (மிளகாய் வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். உள்ளே மொச்சைக் குழம்பும் ருகாய் என்ற தக்காளித் தொக்கும் இருக்கும். காகிதத்தின் அடிமுனையை மடித்துப் பிடிக்காவிட்டால் அது சட்டையில் வழியும். பிறகு ஒரு கோப்பை அலூடா: பால், சப்ஜா விதை, கடல்பாசித் துருவல். சிறு நோட்டாகக் கொடுங்கள். கொடுக்குமுன் நோட்டிலுள்ள தமிழ் எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. பிற்பகல்
மலைகள் சூழ்ந்த ஊர், நவம்பர் முதல் ஏப்ரல் வரை உச்சிவெயில் சுடும். கம்பெனி தோட்டத்து ஆலமர நிழலில் உட்காருங்கள். 3 மணிவாக்கில் சிட்டாடல் கோட்டைக்கு ஏறலாம். துறைமுகம் மேற்குப் பக்கம் என்பதால் அந்நேரம் அந்தப் பக்கம் பார்த்துப் படமெடுத்தால் கண் கூசும் வெளிச்சம்தான் வரும். எதிர்ப்புறம் திரும்புங்கள்: 1812 முதல் குதிரை ஓடும் ஷாம் டி மார்ஸ் மைதானமும் பின்னால் மலைகளும் நன்றாகப் பதியும்.

மாலை 4 முதல் 6 வரை காரை எடுக்காதீர்கள். அதற்குள் நடுநகரத்துக் கடைகள் சாத்திவிடும். காடன் கரையிலேயே இருங்கள்.